தயிர் பொத்தானில் ஒரு கிலோ மாட்டுக்கறி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு கிலோ மாட்டுக்கறியைத் தயிருக்குப் போட்டவன் நான். உறை ஊற்றாததுதான் பாக்கி. இத்தனைக்கும் எனக்குச் சோறு போடும் வேலை, கருவிகளை எப்படிப் பயன்படுத்துவது என்று கையேடு எழுதுவது. வீட்டுக்கு வந்த மின்சார பிரஷர் குக்கரின் கையேட்டை மட்டும் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் டிராயருக்குள் தள்ளிவிட்டேன். கையேட்டை யாரும் படிப்பதில்லை என்பது அதை எழுதுகிறவனுக்குத்தானே நன்றாகத் தெரியும்!

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மாமனார் வைட்ஃபீல்டுக்கு, எங்கள் ஃப்ளாட்டுக்கு வருவதாக இருந்தது. ஊரின் இன்னொரு கோடியில், ஆஸ்டின் டவுனில் தனியாக இருக்கிறார். குளியலறையில் இரண்டு முறை வழுக்கி விழுந்துவிட்டார். "எங்களோடவே வந்து இருப்பா" என்று என் மனைவி கூப்பிடும்போதெல்லாம் "பார்க்கலாம்மா" என்பார். அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கவே வருகிறார்.

"இன்னைக்கு அப்பா சரின்னு சொல்லணும். நீங்க எதையும் கெடுத்து வைக்காதீங்க" என்றாள் மனைவி.

நான் கெடுப்பேனா? பல்லையெல்லாம் எடுத்துச் செட் கட்டியதிலிருந்து மனிதர் மாட்டுக்கறியைத் தொடவில்லை. ரப்பராக இழுக்கிறதாம். நான்தான் போன் போட்டு, "மாமா, என் ஸ்டூவுக்குப் பல்லே வேணாம், நாக்காலயே நசுக்கிடலாம்" என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

கறிக்கடை பாய் பொட்டலத்தை நீட்டும்போதே எச்சரித்தார். "வயசான எருமை சார். ஏழு சீட்டி விடுங்க." அவர் பாஷையில் சீட்டி என்றால் விசில். நான் சிரித்தேன். என் குக்கர் விசிலே அடிக்காது என்று அவரிடம் சொல்லிப் பெருமைப்பட வேறு செய்தேன்.

காலை ஒன்பது மணிக்குக் கறி, உருளைக்கிழங்கு, கேரட், பட்டை, மிளகு, தேங்காய்ப்பால் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கொட்டி மூடினேன். முகப்பில் வரிசையாகக் குட்டிக் குட்டிப் படங்கள், அடியில் பொடிப் பொடி எழுத்து. கண்ணாடி போடவில்லை. போட்டால் வயசு தெரியும் என்று சமையலறையில்கூடப் போடுவதில்லை, அங்கே என்னைப் பார்ப்பது எக்ஸாஸ்ட் ஃபேன்தான். ஒரு பொத்தானில் கிண்ணம் படம் இருந்தது. ஸ்டூவைக் கிண்ணத்தில்தானே ஊற்றுவார்கள்? அழுத்தினேன். எட்டு மணி நேரம் என்று காட்டியது. மெதுவாக வெந்தால்தான் பஞ்சாகும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

மதியம் மனைவி வந்து நின்றாள். "ஏங்க, ஒரு விசில்கூட வரலையே?"

"இது நாகரிகமான குக்கர். விசில் அடிக்காது."

"தொட்டுப் பார்த்தேன், சூடே இல்லை."

"அதுக்குப் பேர்தான் இன்சுலேஷன்."

"வாசனையும் வரலை."

"உள்ளயே பூட்டி வெச்சிருக்கு. பக்கத்து ஃப்ளாட்டுக்கு மூக்கு இருக்கில்ல?"

"சும்னே பேசிட்டே இருங்க" என்று கன்னடம் கலந்து அலுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நாலு மணிக்கு மாமனார் வந்தார். ஒரு ஆஸ்பத்திரியில் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்றவர், ஆவிச் சத்தத்தோடு வாழ்ந்தவர். குக்கருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்த டப்பாவைத் திறந்து, பல் செட்டைக் கழுவி மாட்டிக்கொண்டார்.

"எத்தனை விசில் ஆச்சு மாப்ள?"

"விசிலே கிடையாது மாமா."

"அப்ப ஆவி எங்க போவுது?"

"உள்ளயே சுத்தும்."

அவர் என்னையும் குக்கரையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டிலும் நம்பிக்கை வைத்ததாகத் தெரியவில்லை.

ஐந்து மணிக்கு அது பீப் என்றது. மூடி திருகியதும் வழுக்கிக்கொண்டு வந்தது. கூடவே வந்ததை வாசனை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மழையில் நனைந்த செருப்பை டிஃபன் டப்பாவில் போட்டு, அதில் புளித்த பாலை ஊற்றி, வெயிலில் நிறுத்திய காரில் வைத்து மறந்தால் ஒருவேளை பக்கத்தில் வரலாம். உள்ளே, குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டில், சாம்பல் நிறமும் ரோஸும் கலந்த தண்ணீர். தேங்காய்ப்பால் திரிந்து திட்டுத்திட்டாக மிதந்தது. நுரைக் குமிழி ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், உடைந்தது. கரண்டியில் எடுத்த துண்டு சளி மாதிரி நூல் விட்டபடி நழுவி விழுந்தது. கேரட் மட்டும் போட்டபடியே விறைப்பாக நின்றது.

இதையெல்லாம் கண்ணால் பார்த்த பிறகும், பழக்கதோஷம், உப்புப் பார்க்க விரலை விட்டு நக்கிவிட்டேன். அப்புறம் நான் சிங்க்கை விட்டு நிமிர வெகுநேரம் ஆயிற்று. நாக்கைச் சோப்புப் போட்டுக் கழுவலாமா என்று கேட்டேன்.

இரண்டு கவர் போட்டுக் கட்டி, கீழே ஈரக் குப்பைத் தொட்டிக்கு எடுத்துப் போனேன். லிஃப்ட்டில் ஏறிய மூன்றாவது மாடி அம்மாள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏனோ வாஸ்னே பர்த்தா இதெ?" என்று கன்னடத்தில், ஏதோ நாற்றம் வருகிறதே என்றார். "ட்ரைனேஜ் இர்பேக்கு மேடம்" என்று சாக்கடை மேல் பழியைப் போட்டு லிஃப்ட் கூரையைப் பார்த்தேன். கவர் இளஞ்சூடாக, உயிருள்ளது போல என் தொடையில் சாய்ந்திருந்தது.

திரும்பி வந்தபோது மாமனார் கண்ணாடி போட்டுக்கொண்டு குக்கர் முகப்பை எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார். "யோ-கர்ட்னு போட்ருக்கு மாப்ள. தயிர்தான அது?"

மனைவி சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். "ஒரு வருஷமா கூப்பிட்டு, ஒரு நாள் வந்தாரு" என்றாள், மெதுவாக.

வீட்டில் உடனே போட முடிந்தது தயிர்சாதம் மட்டும். மாமனார் பல் செட்டைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு அந்த வெள்ளையைப் பார்த்தாலே ஆகவில்லை, எழுந்துவிட்டேன். குக்கரின் ரப்பர் வளையத்தை வினிகரில் ஊறப்போட்டேன், எலுமிச்சை தேய்த்தேன். இன்றுவரை அதில் சோறு வைத்தால் எருமை எட்டிப் பார்க்கிறது.

எங்களோடு வந்து இருப்பதைப் பற்றி மாமனார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மெட்ரோ வரை நான்தான் கொண்டுபோய் விட்டேன். ஸ்டேஷன் படியடியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, இன்னைக்கு நடந்தது என் முட்டாள்தனம். அதை வெச்சு முடிவு பண்ணிடாதீங்க. அவ ரொம்ப ஆசைப்படறா. எங்களோட வந்து இருப்பீங்களா?"

"என் குக்கரையும் எடுத்துட்டு வரேன்."