ஐந்து பச்சை வளையங்கள்

இது நடந்தது. என் வீட்டிலேயே யாரும் நம்பவில்லை, நீங்கள் நம்புவீர்களா தெரியாது. ஆனாலும் நடந்ததை நடந்தபடி, கடிகாரம் காட்டிய நேரத்தோடு எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது இருட்டில் வரவில்லை. பட்டப்பகலில், மேஜை விளக்குகூடத் தேவைப்படாத வெளிச்சத்தில் வந்தது.

எனக்கு ரெகுலேட்டர் பழுதுபார்க்கும் வேலை. கடலுக்குள் இறங்குபவர்களுக்கு முதுகுச் சிலிண்டரிலிருந்து வாய்க்குக் காற்றை அளந்து தரும் கருவி அது. வருடத்துக்கு ஒருமுறை திறந்து, தேய்ந்த ரப்பர் வளையங்களை மாற்ற வேண்டும். கழற்றிய பழைய வளையங்களைச் சின்னப் பையில் போட்டு வாடிக்கையாளரிடமே கொடுத்துவிடுவோம். பையில் ஒட்டிய சீட்டில் நான் கையெழுத்திடுவேன். கீழே, ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற இடத்தில் அவர்கள் கையெழுத்திடுவார்கள். வேலை நடந்தது என்பதற்கு அந்தப் பைதான் சாட்சி.

அன்று மத்தியானம் 1.40க்கு என் மைத்துனன் வந்தான். என் மனைவிக்கு ஒரே தம்பி. கப்பல்களின் அடிப்பாகத்தைச் சுத்தம் செய்யும் வேலையில் அவனுக்கு அன்றுதான் முதல் நாள். நாலு மணிக்குப் படகு. யாரிடமோ வாங்கிய பழைய ரெகுலேட்டர் ஒன்றை மேஜையில் வைத்தான். மீன் வலையில் சிக்கியதாம்.

“மாமா, இதை சர்வீஸ் பண்ணணுமா, அப்படியே போட்டுக்கலாமா? உங்க கையெழுத்தே தொங்குது பாருங்க. வீட்டுச் சரக்குதானே, இதுல என்ன சந்தேகம்?”

குழாயில் கட்டியிருந்த அட்டையைப் பார்த்தேன். என் கையெழுத்துதான். இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி.

அட்டையைக் கவிழ்த்து வைத்தேன்.

அது நீச்சல் டீச்சருடைய ரெகுலேட்டர். ஊரில் எல்லோரும் அந்த அம்மாளை டீச்சர் என்றே கூப்பிடுவார்கள். அவர் கொண்டுவந்த சமயம் கடையில் வேலை குவிந்து கிடந்தது. நான் அதைத் திறக்கவே இல்லை. வெளியே துடைத்தேன், அட்டையைக் கட்டினேன். இழுப்பறையில் கிடந்த, யாருடையவோ ஐந்து கறுப்பு வளையங்களைப் பையில் போட்டு நீட்டினேன். அவர் அவசரத்தில் இருந்தார். “கையெழுத்து அப்புறமா வந்து போடறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எட்டாம் நாள் கடலில் இறங்கினார். உடல்தான் கிடைத்தது. ரெகுலேட்டர் கிடைக்கவில்லை. விசாரணைக்கு வந்த ஆய்வாளர், டீச்சர் வீட்டில் இருந்த பையைப் பார்த்தார். அதை உறையில் போட்டு அரக்கு வைத்து மூடினார். என்னை விட்டுவிட்டார்.

இப்போது அதே கருவி என் மேஜையில். ‘இதைப் போடாதே’ என்றால் மைத்துனன் ‘ஏன்’ என்பான். அந்த ஏனுக்குப் பதில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. திறந்து பார்த்துத் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவன் சாப்பிடப் போனான்.

2.05. திறந்தேன். வெளியே சருகாகக் காய்ந்திருந்த கருவிக்குள் கடல்நீர் இருந்தது. பனிக்கட்டியாகச் சில்லிட்டது. வளையங்கள் வெடித்து நூல் நூலாகக் கிடந்தன. ஐந்து புது வளையங்கள் எடுத்தேன். பச்சை நிறம். அந்த மாதம்தான் முதன்முதலாகப் பச்சையில் வந்திருந்தன. அதுவரை கறுப்பு மட்டும்தான். இந்த முறை நான் ஏமாற்றவில்லை. ஒவ்வொன்றாக மாட்டினேன். இரண்டு முறை எண்ணினேன். மூடினேன்.

2.31.

ஸ்ஸ்ஸ்...

வாய்ப்பிடியிலிருந்து. யாரோ மூச்சை உள்ளே இழுப்பதுபோல...

சிலிண்டர் இன்னும் மாட்டவில்லை.

களக்... களக்... களக்...

தண்ணீருக்குள் குமிழி விடும் சத்தம். மேஜையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

எண்ணினேன். பதினொரு மூச்சு. பன்னிரண்டாவது பாதியில் நின்றது.

2.50க்கு மைத்துனன் வந்தான். சிலிண்டரை மாட்டி, அவன் எதிரிலேயே நான் இழுத்துப் பார்த்தேன். காற்று வந்தது. உதடு உப்புக் கரித்தது.

“ஏன் மாமா முகம் வெளுத்துப் போச்சு? அக்கா சமையலா?” என்று சிரித்தான். “தைரியமா இறங்கலாம்ல?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

“என் கையால மாட்டினது. போ” என்றேன்.

4.20. கடைத் தொலைபேசி அடித்தது. எடுத்தேன்.

ஸ்ஸ்ஸ்... களக்.

ஒன்று.

ஸ்ஸ்ஸ்... களக்.

இரண்டு.

ரிசீவர் கையைவிட்டு இறங்க மாட்டேன் என்றது.

பத்து.

பதினொன்று.

ஸ்ஸ்...

ஓடினேன். படகுத்துறையில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். மூச்சு நின்ற நேரம் கேட்டேன். நாலு இருபது என்றார்கள்.

அதே ஆய்வாளர்தான் வந்தார். எல்லோர் முன்னாலும் ரெகுலேட்டரைத் திறந்தார். உள்ளே ஒரு வளையம்கூட இல்லை. நான் மாட்டினேன், என் பிள்ளைகள் மேல் சத்தியமாக மாட்டினேன் என்று கதறினேன். டீச்சர் விஷயத்தையும் அங்கேயே கொட்டிவிட்டேன். அதைச் செய்யவில்லை, இதைச் செய்தேன் என்றேன். யார் நம்புவார்கள்?

என் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“என் தம்பிக்குமா?”

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

பன்னிரண்டாம் நாள் ஆய்வாளர் என்னை வரச் சொன்னார். இரண்டு சாவுகளையும் ஒப்பிட்டுப் பார்க்க, டீச்சரின் பழைய உறையை எடுத்து வைத்திருந்தார். அரக்கு உடையவில்லை. அவர் வைத்த முத்திரை அப்படியே இருந்தது. என் கண்ணெதிரே கத்தரித்தார்.

பை நனைந்திருந்தது.

உள்ளே ஐந்து வளையங்கள். ஐந்தும் பச்சை.

ஆய்வாளர் பையை என் பக்கம் திருப்பினார். இரண்டு வருடமாகக் காலியாக இருந்த இடத்தில் டீச்சரின் கையெழுத்து இருந்தது. விரல் வைத்தேன்.

மை ஒட்டியது.

கையெழுத்துக்கு மேலே, நான் எப்போதும் எழுதும் அதே வார்த்தை: பெற்றுக்கொண்டேன்.