ஆறாவது குரல்

பேய், பிசாசு என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எத்தனை பேரை நக்கலடித்திருக்கிறேன் தெரியுமா? ஆகவே இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. கொஞ்சம் வரும், பரவாயில்லை.

பலெர்மோவுக்குப் பக்கத்தில், மொண்டெல்லோவில் ஒரு சிஞ்ஞோரே, அதாவது இத்தாலிய ஐயா வீட்டில் எனக்கு வேலை. தோட்டம், கூட்டித் துடைப்பது எல்லாம் நான்தான். இத்தாலியில் இருப்பதற்கான அனுமதி, பெர்மெஸ்ஸோ, அதைப் புதுப்பிக்க, அவர் என் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவேண்டும். மனிதர் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்துக்கொண்டேயிருந்தார். அது இல்லையென்றால் மனைவி பிள்ளையோடு பெட்டி கட்டவேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து, "ஞாயிறு மான் வேட்டைக்கு வா, ஆள் குறையுது" என்றார். மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

பலெர்மோவிலிருந்து இரண்டு மணி நேரம், மலைக்கு. ஒரு பக்கம் அரசாங்கக் காடு, அங்கே மான் சுட அவரிடம் அனுமதிக் கடிதம் இருந்தது. மறுபக்கம் கம்பிவேலி போட்ட தனியார் தோட்டம், அதற்குள் கால் வைத்தால் பொலிஸ், பிறகு பெர்மெஸ்ஸோவைக் கொடுக்கிற, பறிக்கிற குவெஸ்தூரா. எங்கள் வேலை வரிசையாக நின்று சத்தம் போட்டு மானைக் கலைப்பது. நாங்கள் ஐந்து பேர். யார் எங்கே நிற்கிறார் என்று துவக்கோடு நிற்கிற சிஞ்ஞோரேக்குத் தெரியவேண்டும் அல்லவா, அதற்காக ஒவ்வொருவரும் தன் இலக்கத்தைக் கத்தவேண்டும். நான் கடைசி, வேலியோரம். "சிங்க்வே!" என்று ஐந்தைக் கத்துவேன்.

குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். ஆள் என்று தூரத்திலேயே தெரிவதற்காகத் தந்த செம்மஞ்சள் அங்கிக்கு மேலே என் மண்ணிறக் கோட்டை மாட்டிக்கொண்டேன். அதுவும் போதாதென்று, ஒருமுறை கத்திவிட்டு, காற்றுக்கு ஒதுங்க வேலியோடு மேலே ஏறி ஒரு பாறையடியில் நின்றேன். விடிந்து வெகுநேரமாகியும் பனிமூட்டம் கலையவில்லை.

அப்போதுதான் மான் வந்தது. நம்பினால் நம்புங்கள், பத்தடி தூரத்தில் கொம்போடு நின்று என்னையே பார்த்தது. கீழே சிஞ்ஞோரே துவக்கைத் தூக்குவது மங்கலாகத் தெரிந்தது. அந்த நேரம், எனக்குப் பின்னால், வேலிக்கு உள்ளே இருந்து யாரோ நிதானமாகச் சொன்னார்கள்:

"ஆறு."

தமிழில்.

தோட்டத்தில் எங்கட பெடியன் எவனோ வேலை செய்கிறான், வெடி மானைத் தவறினால் அவன்மேல்தான் படும் என்று நினைத்தேன். கத்தினால் மான் ஓடிவிடும், சிஞ்ஞோரேக்குக் கோபம் வரும், கையெழுத்தும் போய்விடும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு கணம் பேசாமல்தான் நின்றேன். பிறகு, "ஐயோ, சுடாதேங்கோ! ஆள் நிக்குது!" என்று கத்தினேன். பதற்றத்தில் அவருக்கும் தமிழில்தான் கத்தியிருக்கிறேன்.

வெடி கேட்கவில்லை. மான் வேலியைத் தாண்டிப் போய்விட்டது. சிஞ்ஞோரே ஏறி வந்தார். ஏசப்போகிறார் என்று பார்த்தால், முகம் வெளிறிப்போய், துவக்கிலிருந்து தோட்டாவைக் கழற்றினார். நான் வேலியைச் சுற்றிப் பார்த்தேன். கேற்றில் துருப்பிடித்த பூட்டு. உள்ளே ஈர மண்ணில் ஒரு காலடி இல்லை, மான் குதித்த இடத்திலும் ஒன்றுமில்லை.

அடுத்த நாள் கூப்பிட்டு, கேட்காமலே கையெழுத்துப் போட்டார். பிறகு இத்தாலியனில் சொன்னது இதுதான்:

"நான் மானைக் காணேல்லை. மண்ணிறமா ஒண்டு அசைஞ்சது, அதுக்குத்தான் குறி வைச்சன். நீ கீழை நிக்கிறாய் எண்டெல்லோ நினைச்சன். விசையிலை விரல் வைச்சிட்டன். அப்ப அந்த இடத்திலையிருந்து நீ 'ஸேய்' எண்டாய். நல்ல காலம்."

ஸேய் என்றால் அவர்கள் பாஷையில் ஆறு.

"நான் சொல்லேல்லை, சிஞ்ஞோரே."

"விசர்க்கதை கதையாதை. உன்ரை குரல் எனக்குத் தெரியாதே?"

கையெழுத்துப் போட்ட தாள் இன்னும் அவர் கையில் இருந்தது. "ஓம், நான்தான்" என்றேன்.

ஆனால் நான் கேட்டது முன்பின் தெரியாத ஒருவரின் குரல். போன மாதம் வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். போனில் மனைவிக்குக் குரல் பதிந்து அனுப்பிவிட்டு, அதைச் சும்மா போட்டுக் கேட்டேன். வேலிக்குள்ளிருந்து "ஆறு" என்ற அதே குரல். போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

இப்போதெல்லாம் எழுதித்தான் அனுப்புகிறேன். "ஏனப்பா, வாயைத் திறந்து கதைச்சு அனுப்பினா என்ன?" என்று அவள் ஏசுகிறாள்.