வசந்தா எதற்குக் கைதட்டினாள்?

இன்று கடலூரிலிருந்து சிதம்பரம் திரும்பும் பஸ்ஸில் வசந்தா வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். என்னிடம் படித்தவள், இப்போது நெல் விவசாயம். முகம் வாடியிருந்தது.

"கலெக்டர் ஆபீசுல மனு கொடுக்கப் போனேன் சார். வாய்க்கால் தூர் வாரலை, தண்ணி நின்னு நாத்து அழுவிப்போச்சுன்னு சொன்னேன். அங்க இருந்தவரு, 'டிவில நீதானம்மா கைதட்டுன?'ன்னு சிரிக்கிறாரு."

ஞாயிறுதோறும் வருஷக்கணக்காக வருகிற அந்த அரசியல் பேட்டி, போன வாரம் சிதம்பரத்தில் எடுத்தது. நானும் டிவியில் பார்த்தேன். "இங்கே எல்லா வாய்க்காலும் தூர் வாரியாச்சு" என்று அமைச்சர் சொன்னதும், பார்வையாளர்களில் இருந்த வசந்தா மலர்ந்த முகத்தோடு கைதட்டினாள்.

"ஏம்மா தட்டின?"

"அமைச்சர் வர்றதுக்கு முன்னாடியே எல்லாரையும் தட்டச் சொல்லி எடுத்தாங்க சார். கேமரா சரியா இருக்கான்னு பாக்குறாங்கன்னு நெனச்சேன். அப்புறம் நான் எழுந்து வாய்க்காலைப் பத்திக் கேட்டேன். அதைக் காட்டவே இல்லை. மொதல்ல எடுத்த கைதட்டலை அமைச்சர் பேச்சுக்குப் பின்னாடி ஒட்டிட்டாங்க. ஊர்ல மச்சான் மொறைக்காரங்க 'கட்சில என்னா பதவி?'ன்றாங்க."

வருகைப் பதிவில் "உள்ளேன் ஐயா" என்ற பிள்ளை, "பாடம் முழுக்கப் புரிந்தது ஐயா" என்று சொன்னதாக நான் எழுதி வைத்தால் எப்படி இருக்கும்? அதைத்தான் செய்திருக்கிறார்கள். ஒரு வாரம்கூட விடாமல் இந்த நிகழ்ச்சியைப் பார்த்து, நாலு பேரைப் பார்க்கவும் சொன்னவன் நான். அருவருப்பாக இருக்கிறது.

வசந்தாவின் மனு வாங்கப்படவில்லை. நாற்று இன்னும் தண்ணீரில்தான் நிற்கிறது.

அந்த நிகழ்ச்சியில் கைதட்டிய வேறு யாராவது உங்களுக்குத் தெரிந்தவர்களா? எதற்குத் தட்டினார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள்.