ஒரு செங்கல் இடம்

இதைப் படித்துவிட்டு "நல்லா கதை விடறான்" என்று நீங்கள் சொன்னால் எனக்குக் கோபம் வராது. என்னிடம் இருக்கிற கோபம் மொத்தத்தையும் ஏற்கெனவே ஒரு ஆளுக்கென்று ஒதுக்கியாகிவிட்டது. பிரித்துக் கொடுக்க மிச்சம் இல்லை. ஆனால் இது நடந்தது. என் அக்காவுக்கு நடந்தது.

அக்கா பொய்யே சொல்லாதவள் என்று சொல்ல மாட்டேன். சின்ன வயதில் என் பங்கு மிட்டாயையும் தின்றுவிட்டுப் பூனை மேல் பழி போட்டவள்தான். ஆனால் அவள் பயந்து நான் பார்த்ததில்லை. பேய் என்று யாராவது பேச்செடுத்தால், வாடகை கேட்காத பேயாக இருந்தால் கூட்டிவா என்பாள். அப்படிப்பட்டவள் இதைச் சொல்லும்போது கையை மடியில் ஒளித்து வைத்துக்கொண்டாள்.

அவளுக்குச் சலவைக் கடையில் இஸ்திரி போடும் வேலை. அவள் கணவர், அதாவது என் மாமா, பேக்கரியில் ராத்திரி முழுக்க மாவு பிசைகிறவர். விடிந்த பிறகு வந்து பகலில் தூங்குவார். பல வருஷமாக மாவுத் தூசி உள்ளே போய் அவருக்கு வீசிங். காற்று வந்தால் தூங்குவார். வராவிட்டால் தலையணையை மடியில் வைத்து, உட்கார்ந்தபடியே இரைத்துக்கொண்டிருப்பார். ஜன்னல் இருக்கிற அறையில் படுக்க வையுங்கள், இல்லாவிட்டால் ஒருநாள் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும் என்று டாக்டர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

அதனால் அக்கா தேடியது வீடு அல்ல. ஜன்னல்.

அப்படிக் கிடைத்ததுதான் அந்த மூன்றாவது மாடி அறை. கட்டடத்தின் சொந்தக்காரருக்கு அங்கே குடியிருந்தவர்கள் வைத்த பெயர் 'பெயின்ட்'. சுவரில் ஓதம் ஏறினால் பெயின்ட். விரிசல் விட்டால் பெயின்ட். குழாய் ஒழுகினால்கூட ஒழுகிய கறை மேல் பெயின்ட். குறை சொல்கிற வாய்க்கும் ஒரு கோட்டிங் அடிக்க முடிந்தால் அடித்திருப்பார்.

அறையைக் காட்டியது விளக்கு வைத்த நேரத்தில். சின்னச் சின்னப் பூப்போட்ட நீலத் திரை ஒன்று ஒரு பக்கச் சுவரில் தொங்கியது. ஜன்னல் எங்கே என்று அக்கா கேட்டதற்கு அவர் வாயைத் திறக்காமல் திரையைப் பார்த்துக் கை காட்டினார். ரோட்டுத் தூசி வரும், எப்போதும் மூடியே வையுங்கள் என்று அக்கறையாக வேறு சொன்னார். அக்கா திரையின் தையலைத்தான் பார்த்தாள். தொழில் புத்தி. ஓரம் மடித்துத் தைத்த விதம் அவ்வளவு நேர்த்தியாக இருந்தது.

குடிவந்த மறுநாள் காலை, மாமா வருவதற்குள் காற்று வரட்டும் என்று திரையை ஒதுக்கினாள்.

சுவர்.

கம்பி இருக்கிறது, வளையம் இருக்கிறது, திரை இருக்கிறது. பின்னால் வெறும் சுவர்.

கீழே ஓடிப் போய்த் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாள். கட்டடத்தின் அந்தப் பக்கம் முழுவதையும் ஒரு விளம்பரப் பலகை மூடியிருந்தது. அதில் ஒரு குடும்பம் பால்கனியில் நின்று, தலைமுடி பறக்கச் சிரித்துக்கொண்டிருந்தது. காற்றோட்டமான வீடுகள் விற்பனைக்கு. பலகைக்கும் வாடகை வருகிறது, பலகைக்குப் பின்னால் மூச்சு முட்டுகிறவர்களிடமிருந்தும் வாடகை வருகிறது. இதை எழுதும்போதுகூட எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அக்கா நேரே பெயின்ட் வீட்டுக்குப் போனாள். தெருக்கோடியில் பெரிய வீடு. சுற்றிலும் ஜன்னல்.

"திரையத்தாம்மா காட்டினேன்," என்றார் அவர். "ஜன்னல்னு என் வாயால சொன்னேனா?"

காலி செய்தால் அட்வான்ஸ் வராது என்பதையும் சிரித்த முகமாகவே சொன்னார். வேறு இடத்துக்குக் கொடுக்க அக்காவிடம் இன்னொரு அட்வான்ஸ் இல்லை. ஆனால் சும்மா இருக்கிற ரத்தமும் அவளிடம் இல்லை. வாடகைக்கு விடுகிற அறை ஒவ்வொன்றுக்கும் வெளியே திறக்கிற ஜன்னல் ஒன்றாவது இருக்க வேண்டும், அதுவும் அறைக்குத் தக்க அளவில் இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இஸ்திரிக்கு வந்த ஒரு வக்கீல் கோட்டின் சொந்தக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, நகராட்சியில் மனு கொடுத்தாள். அதிகாரி வந்து பார்ப்பார் என்றார்கள்.

காத்திருந்த நாட்களில்தான் அது ஆரம்பித்தது.

முதலில் திரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றித் துவைத்தாள். தண்ணீர் கறுப்பாக வந்தது. ரோட்டைப் பார்த்த ஜன்னலில் தொங்கும் திரைகளை அவள் கடையில் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறாள். அதே புகைக் கறுப்பு. அதே மணல். சுவரைப் பார்த்துத் தொங்குகிற திரைக்கு ரோட்டுத் தூசி எங்கிருந்து வந்தது?

அடுத்து சுவர். திரைக்குப் பின்னால், நின்றால் முகத்துக்கு நேராக, ஒரு செங்கல் அளவுக்குப் பூச்சோடு பெயின்ட் உரிந்திருந்தது. மனு கொடுத்த சேதி கேட்டுப் பெயின்ட் ஆள் அனுப்பிப் புதிதாக அடித்தார். மறுநாள் காலை அதே செங்கல் அளவு, அதே இடம், உரிந்து தரையில் கிடந்தது. மறுபடி அடித்தார்கள். மறுபடி உரிந்தது.

பிறகு அந்த மத்தியானம்.

வேலை முடிந்து அக்கா வந்தபோது கரண்ட் இல்லை. மின்விசிறி நின்றிருந்தது. கைப்பேசியில் மணி மூன்றே கால். இந்தப் புழுக்கத்தில் மாமா உட்கார்ந்து இரைத்துக்கொண்டிருப்பார் என்று பதறிக் கதவைத் திறந்தாள்.

மாமா மல்லாந்து படுத்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. நெற்றியில் முடி லேசாக அசைந்தது.

திரை அசைந்துகொண்டிருந்தது.

உள்ளே உப்பி... பின்னால் ஒட்டி... மறுபடி உப்பி...

அப்போதுதான் அவளுக்கு அந்தச் சத்தம் உறைத்தது. ஈ... ஈ... என்று இழுத்து இழுத்து வாங்குகிற மூச்சு. அவளுக்குப் பழகிய சத்தம். வீசிங்.

மாமாவிடமிருந்து வரவில்லை.

திரைக்குப் பின்னாலிருந்து வந்தது.

அக்கா ஓடவில்லை. ஓடியிருந்தால் அவள் என் அக்கா இல்லை. போய்த் திரையை இழுத்தாள்.

சுவர். சத்தம் நின்றது.

உரிந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

ஈரம்... சூடு...

யாரோ இப்போதுதான் அதில் வாய் வைத்து ஊதியது போல.

மாமாவிடம் அவள் சொல்லவில்லை. பயந்தால் அவருக்கு இரைப்பு கூடும். தவிர, அன்று முதல் அந்த அறையில் அவர் ஒருநாளும் இரைக்கவில்லை. இரைத்தது வேறு யாரோ. மாமா தூங்கட்டும் என்று அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

அதிகாரி வந்தார். கூடவே பெயின்ட், குளிர்பானப் பாட்டிலும் குழைவான சிரிப்புமாக. மாமா மருந்து வாங்கப் போயிருந்தார். திரையைக் கை காட்டி, அதோ ஜன்னல் என்று இந்த முறை வாயாலேயே சொன்னார் பெயின்ட். நல்ல வெளிச்சத்தில் இப்படி ஒரு பொய்.

"திரைய இழுத்துப் பாருங்க சார்," என்றாள் அக்கா.

பெயின்ட் குறுக்கே வருவதற்குள் அதிகாரி இழுத்துவிட்டார்.

சுவர். அக்கா பார்த்தது சுவரைத்தான். ஆனால் அதிகாரி தலையை ஆட்டினார். பரவாயில்லையே, நல்ல காற்று என்றார். சுவரில் எதையோ தள்ளினார், இழுத்தார். ஒரு கொக்கி சரியில்லை, மாற்றுங்கள் என்று பெயின்ட்டிடம் சொன்னார். பையிலிருந்து இரும்பு டேப்பை எடுத்து, வெறும் சுவருக்குக் குறுக்கே அளந்தார்.

அக்காவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. காசு வாங்கினால் வாங்கியதோடு போக வேண்டியதுதானே, கண் எதிரில் நாடகம் வேறு போட வேண்டுமா என்று கத்தினாள். சோறு தின்கிற வாயா இது என்று கேட்டாள். அதிகாரி அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பது போல் பார்த்தார்.

கத்திக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

டேப்.

ஒரு முனை அதிகாரி கையில். மறு முனை... சுவரை ஒட்டி, அந்தரத்தில்... தொய்யாமல், விறைப்பாக நின்றது. அவர் தன் முனையைத் தளர்த்தினார். அந்த முனை மெதுவாக, யாரோ பத்திரமாகக் கொண்டுவந்து விடுவது போல, அவர் கைக்குத் திரும்பி வந்தது.

பெயின்ட்டைப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. பாட்டில் கீழே விழுந்து உருண்டது.

"இத... அடைச்சாச்சே..." என்றார். அவ்வளவுதான். படியிறங்கி ஓடிவிட்டார்.

மறுநாள் அக்கா கடைக்கு லீவு சொல்லிவிட்டு நகராட்சிக்குப் போனாள். நாலு பேர் முன்னால் அந்த அதிகாரியின் மானத்தை வாங்குவது என்ற முடிவோடு போனாள். அவரோ நாற்காலி போட்டு உட்கார வைத்தார். குழம்பிப் போயிருந்தார்.

"ஜன்னல் இருந்துச்சேம்மா. கம்பி ஜில்லுனு இருந்துச்சு. டேப்போட அந்த முனைய உங்க வீட்டு அம்மா ஒருத்தங்கதான வெளியில நின்னு புடிச்சாங்க? கழுத்துல தையக்காரங்க டேப்பு போட்டுக்கிட்டு."

"எங்க வீட்ல வேற பொம்பள யாரும் இல்ல சார்," என்றாள் அக்கா. "அது மூணாவது மாடி."

அவர் தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அவங்க ஏதாச்சும் பேசினாங்களா சார்?"

"ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. ஜன்னல் இருக்குன்னு எழுதிட்டீங்கன்னா இனிமே அடைக்க முடியாதுல்லன்னு கேட்டாங்க. முடியாதும்மா, அடைச்சா கட்டடத்துக்கே சீல் வெச்சிருவோம்னேன். சிரிச்சாங்க... மூச்சு வாங்கிக்கிட்டே சிரிச்சாங்க."

எழுதியாகிவிட்டது. கையெழுத்தும் போட்டாகிவிட்டது. அந்த அறையில் ஜன்னல் உண்டு என்று.

ஜன்னல் இல்லாவிட்டால் இனி சீல் என்ற சேதி போனதும், அன்று சாயங்காலமே பெயின்ட் ஒரு கொத்தனாரை அனுப்பினார். பலகையை இறக்கிவிட்டார்கள். சுவரை உடைக்கச் சொன்னவர் மாடிக்கு வரவில்லை, கீழே தெருவின் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டார். வயதான கொத்தனார் திரையை ஒதுக்கினார். உரிந்த இடத்தைப் பார்த்தார். உளியை எடுக்கவில்லை. கையால் அந்த ஒரு செங்கல்லைப் பிடித்து இழுத்தார். டிராயர் மாதிரி வந்துவிட்டது. சுற்றிலும் சிமென்ட்டே இல்லை.

செங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இந்த ஜன்னலை அடைத்ததே அவர்தான். அப்போது இந்த அறையில் ஒரு தையல்காரம்மா இருந்தாள். தனி ஆள், வீசிங் உள்ளவள். பலகை மாட்டுவதற்காக ஜன்னலை அடைக்கச் சொன்னார் பெயின்ட். அந்தம்மா அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருக்கிறாள். ஒரு செங்கல் இடமாவது விடுங்கள், மூக்கை வைத்து மூச்சு வாங்கிக்கொள்கிறேன் என்று. திரை போட்டுக்கொள், ஜன்னல் மாதிரியே இருக்கும் என்றிருக்கிறார் அந்த மனுஷன். அந்தத் திரையையும் அவளையே தைக்கச் சொல்லியிருக்கிறார்.

"என்னை அண்ணேன்னு கூப்புடும்மா அந்தப் பொண்ணு," என்றார் கொத்தனார். "மனசு கேக்கல. அவர் பாக்காதப்ப ஒண்ண மட்டும் சும்மா சொருகி வெச்சேன். முடியாதப்ப உருவிக்கம்மான்னு காதுல சொல்லிட்டு வந்தேன். அப்புறம் அவர் வேற ஆள வெச்சு மேல பூசி, கனமா பெயின்ட் அடிச்சிருக்காரு. எனக்குத் தெரியாது."

ஒரு மத்தியானம் கரண்ட் போயிருக்கிறது. கதவை உடைத்து உள்ளே போனவர்கள் அவளைத் திரைக்குப் பின்னால்தான் பார்த்தார்களாம். சுவரில் முகத்தைப் பதித்து நின்றபடி. பத்து விரல் நகத்திலும் பெயின்ட்.

இப்போது அந்த அறையில் நிஜமாகவே ஜன்னல் இருக்கிறது. மாமா அதன் கீழேதான் படுக்கிறார், நன்றாகத் தூங்குகிறார். திரை மட்டும் இல்லை. சுவர் உடைத்த தூசி போக மறுபடி துவைத்து, வெளியே காயப் போட்ட இடத்திலிருந்து காணாமல் போய்விட்டது.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். போன மாதம் அந்தக் கொத்தனாரைச் சந்தித்தேன். பெயின்ட் வீட்டில் வேலை என்றார். அந்தப் பெரிய வீட்டின் ஜன்னல்களை ஒவ்வொன்றாக அடைக்கச் சொன்னாராம். எந்த ஜன்னலைத் திறந்தாலும் நீலத் திரை ஒன்று தொங்குகிறதாம், வெளியே நின்று யாரோ மூச்சு வாங்குகிறார்களாம். கடைசி ஜன்னலில் கடைசிச் செங்கல் வைக்கப் போகும்போது, உள்ளே இருட்டிலிருந்து பெயின்ட்டின் குரல் கேட்டிருக்கிறது. கொத்தனாரை ஒருநாளும் 'ஏய்' என்று தவிர வேறு மாதிரி கூப்பிட்டறியாத குரல்.

"ஒரு செங்கல் இடமாவது விடுங்கண்ணே..."

நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கொத்தனார் கை விரல்களில் காய்ந்திருந்த சிமென்ட்டைத் தேய்த்து உதிர்த்தார்.

"அடைச்சிட்டேன் தம்பி. இந்தத் தடவ சுத்தியும் நல்லா சிமென்ட் வெச்சு."