களத்தில் சிந்திய கியர் ஆயில்

போன வருடம் ஐப்பசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டுப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் நானும் மனைவியும் குடியிருந்தோம். நான் கரூர்க்காரன். அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. மலைக்கு மாற்றிப் போட்டு ஐந்து வருடம் ஆகியும் யாரும் என்னைக் கீழே இறக்கிவிடவில்லை. மாறுதல் கேட்டு எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது.

மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. திங்களும் வியாழனும் நாமக்கல்லுக்குப் போய் டயாலிசிஸ் செய்ய வேண்டும். எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, ஆஸ்பத்திரி பெஞ்சில் நாலு மணி நேரம் உட்கார்ந்து, மறுபடி எழுபதும் ஏறி வர வேண்டும். பஸ்ஸில் கூட்டிப்போய் அவள் ஒருமுறை மயங்கி விழுந்ததோடு பஸ்ஸுக்கு ஒரு கும்பிடு போட்டேன். எனக்கு இடது முட்டி தேய்மானம், கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால் பழைய ஆட்டோமேட்டிக் எஸ்யூவி ஒன்றை வாங்கினேன்.

அது கொஞ்ச நாளில் வளைவுகளில் முக்க ஆரம்பித்தது. கியர் மாறும்போதெல்லாம் உதைத்தது. கியர் ஆயில் கருகிவிட்டது, வண்டியை மூன்று நாள் விட்டுவிட்டுப் போங்கள் என்றார் நாமக்கல் மெக்கானிக். மூன்று நாள் வண்டியை விட்டுவிட்டு இவளை முதுகிலா சுமப்பது? ஆயில்தானே, நானே மாற்றிக்கொள்கிறேன் என்று டப்பாக்களை வாங்கி வந்தேன். எல்லாம் போனில் பார்த்த வீடியோ கொடுத்த தைரியம். அன்று மலையேறும்போதே ஒரு வளைவில் வண்டி நின்று, பின்னால் உருண்டது. ஒட்டிக்கொண்டு ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. எப்படி நிறுத்தினேன் என்று இன்றைக்கும் தெரியாது.

அடுத்து வந்த வியாழக்கிழமை மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டது. பாதையைத் திறக்கச் சனிக்கிழமை ஆயிற்று, ஒரு டயாலிசிஸ் தவறிப்போயிற்று. ஞாயிறு காலையில் அவளுக்குக் கால் இரண்டும் வீங்கி, நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது. திங்கட்கிழமையைத் தவறவிடவே முடியாது. வாடகைக் கார்களுக்குப் போன் செய்து பார்த்தேன். மறுநாள் முகூர்த்தம், ஒன்றும் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தேன்.

பழைய ஆயில் தார் மாதிரி இறங்கியது. புதிய ஆயிலை மேலிருந்து புனலில் ஊற்றினேன். அளவு பார்ப்பதுதான் சூட்சுமம். இன்ஜினை ஓடவிட்டு, அடியில் இருக்கும் ஒரு போல்ட்டைத் திறக்க வேண்டும். அதிகமாக இருக்கும் ஆயில் வழியும். வழிவது சொட்டானதும் மூடிவிட வேண்டும். எனக்கு அது அடியில் வைத்த பிளாஸ்டிக் டப்பில் வழிந்தது, வழிந்துகொண்டே இருந்தது. நிறைய ஊற்றிவிட்டேன் போலிருக்கிறது என்று நிம்மதியாகப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொட்டானதும் மூடினேன்.

ஓட்டிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால், இன்ஜின் உறுமுகிறது, வண்டி அசையவில்லை. மதியம் இரண்டு மணி. காலையிலிருந்து வாயில் ஒன்றும் போடவில்லை. மனைவி வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "முடியலைன்னா விட்டுடுங்க. வியாழக்கிழமை பாத்துக்கலாம்" என்றாள். வியாழக்கிழமை வரை தாங்காது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். நான் அவள் மேல் எரிந்து விழுந்தேன். எரிந்து விழுந்த கையோடு பக்கத்தில் இருந்த தண்ணீர் வாளியை உதைத்தேன்.

பக்கத்துக் காட்டில் சாமையும் மரவள்ளியும் போடும் பெண்மணி சத்தம் கேட்டு வந்தார். எங்கள் வயதுதான் இருக்கும். என்னைப் பார்க்கவில்லை. வாளியிலிருந்து கொட்டிய தண்ணீரைப் பார்த்தார்.

"ஏனுங்க சார், தண்ணி பூராம் பொறத்தாலதான ஓடுது. வண்டியும் அப்படித்தானுங்க சாஞ்சு நிக்குது?"

எனக்குச் சுரீர் என்றது. வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள் என்று வீடியோவில் மூன்று முறை சொல்லியிருந்தார்கள். என் வாசல் சமதரை என்றுதான் நினைத்திருந்தேன். ஐந்து வருடமாக நாற்காலி போட்டு உட்காரும் இடம். மலையிலேயே இருந்து இருந்து என் கண்ணும் சரிந்துவிட்டது போலிருக்கிறது. மூக்கு மேட்டைப் பார்த்து நின்ற வண்டியில் ஆயிலெல்லாம் பின்பக்கம் சேர்ந்து, அங்கேயே இருந்த போல்ட் வழியாக வேண்டியதும் சேர்ந்தே வழிந்துவிட்டது.

"சமதரைக்கு எங்கே போறதும்மா இந்த மலையில?" என்றேன்.

"எங்க களத்துக்குக் கொண்டாங்க. சாமை கொட்டறதுக்கு நேத்துத்தான் மொழுகி உட்டிருக்குது. தண்ணி ஊத்துனா ஊத்துன எடத்துலயே நிக்குமுங்க."

டப்பில் வழிந்ததைத் திரும்ப ஊற்றினேன். வண்டி முனகிக்கொண்டு நகர்ந்தது. களம் அவர்கள் வீட்டை ஒட்டி, சாணி மெழுகிப் பாய் விரித்த மாதிரி இருந்தது. அவர் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். நான் வண்டியை ஏற்றினேன். அவர் கணவர் காட்டிலிருந்து ஓடி வந்து நின்றுவிட்டார். "அக்காவுக்கு நாளைக்கு ஆஸ்பத்திரி" என்று மட்டும் சொன்னார் அந்தப் பெண்மணி. கணவர் போய் இரண்டு கல் கொண்டுவந்து சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார்.

இந்தமுறை கொஞ்சமே வழிந்து, சொட்டாயிற்று. மூடினேன். பாதி டப்பில் விழுந்தது, மீதி தரையில். புது ஆயில் செக்கச்செவேல் என்று இருக்கும். மெழுகிய தரையில் ஒரு முறம் அகலத்துக்குப் பரவியது. பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் தோன்றியது. ஆனால் வாய் திறக்கத் தெம்பில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை எழுபது வளைவிலும் வண்டி உதைக்கவில்லை. டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது அவள் மூச்சு சீராக இருந்தது. பாதி வழி தூங்கிக்கொண்டே வந்தாள்.

சாயங்காலம் வந்து பார்த்தால், களத்தில் அவர்கள் இருவரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆயில் பட்ட மண்ணைக் கொத்தி எடுத்துவிட்டு, புது மண் போட்டு, தட்டி, சாணி மெழுகிக்கொண்டிருந்தார்கள். அறுத்த சாமைக் கதிர் ஓரத்தில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. அன்றைக்கு அடிக்க வேண்டியது. அத்தனை மழைக்கு நடுவே அன்று ஒரு நாள்தான் நல்ல வெயில் அடித்திருந்தது.

இறங்கி வேகமாகப் போய், "ரொம்பத் தப்பு பண்ணிட்டேன்" என்றேன்.

"அக்காவுக்கு இப்ப எப்படிங்க இருக்குது?" என்றார் அந்தப் பெண்மணி, மெழுகும் கையை நிறுத்தாமல்.

பதில் சொல்லத் திரும்பினேன். மனைவி மெல்ல இறங்கி வந்து, களத்தின் ஓரத்தில் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீங்கிய காலிலிருந்து செருப்பைக் கழற்ற அவ்வளவு சிரமப்பட்டுக் குனிந்துகொண்டிருந்தாள். அப்போதுதான் என் காலைப் பார்த்தேன். களத்தின் நடுவில் ஷூவோடு நின்றுகொண்டிருந்தேன். முந்தின நாளும் அப்படித்தான் நின்றிருக்கிறேன்.

இப்போதும் திங்களும் வியாழனும் அதே பாதைதான், அதே அலுப்புதான். வண்டிக்கு ஆயில் மாற்றும் வித்தை கைவந்துவிட்டது. ஆனால் ஒரு வருடச் சோற்றைக் கொட்டும் இடத்தில் நான் ஷூக்காலோடு நின்றதைப் பார்த்தும், என் மனைவியின் உடம்பையே பெரிதாக எண்ணிய அந்த இருவரை நினைத்தால், இன்றைக்கும் எனக்குக் கால் கூசுகிறது.