ஸ்டீயரிங்குக்கு முளைத்த இரண்டு காதுகள்

என் வீட்டுக்காரருக்கு முன்பே அவருடைய இடது கால் ஓய்வு பெற்றுவிட்டது. துறைமுகத்திலிருந்து மணலிக்கு கன்டெய்னர் டிரைலர் ஓட்டிய கால் அது. ஓட்டினார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். வரிசையில் நின்றார் என்பதுதான் சரி. கிளட்சை மிதி, ஓர் ஆள் நீளம் நகர், பிரேக்கை மிதி, மறுபடியும் கிளட்ச். இப்படியே பாதி ஆயுளைத் தேய்த்ததில் முட்டி வீங்கி, மாடிப்படி ஏறச் சுவரைப் பிடிக்கவேண்டியதாகிவிட்டது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இனி கிளட்சை மிதித்தால் இந்தக் காலை மறந்துவிடவேண்டியதுதான் என்றார். வேறு வேலை பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். என்ன வேலை என்று மட்டும் மருந்துச் சீட்டில் எழுதவில்லை.

ஸ்டீயரிங்கைத் தவிர வேறு எதையும் பிடித்துப் பழகாத மனிதர் அவர். வீட்டில் துடைப்பத்தைக்கூடப் பிடித்ததில்லை. எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அவருடைய முதலாளி வீட்டில் எங்களுக்கு யோகம் அடித்தது. முதலாளிக்குக் கல்மண்டபத்தில் வீடு, மாத்தூரில் ஷெட், ஷெட் நிறைய டிரைலர்கள். அவர் மகன் அடம்பிடித்துக் கிளட்சே இல்லாத ஆட்டோமேடிக் கார் ஒன்றை வாங்கவைத்தான். வாங்கிய கையோடு மேல்படிப்புக்கு வெளிநாட்டுக்குப் பறந்துபோனான். அப்போதெல்லாம் எங்கள் பக்கம் அப்படிப்பட்ட கார் அபூர்வம். ஓட்ட ஆளில்லாமல் கார் நின்றது, ஓட்ட வண்டியில்லாமல் என் வீட்டுக்காரர் நின்றார். “ஒரு மாசம் ஓட்டு, பாக்கலாம்” என்றார் முதலாளி.

இவருக்கு உடனே வீராப்பு வந்துவிட்டது. “கிளட்ச் இல்லாததெல்லாம் ஒரு வண்டியாமே? அது கொயந்தைங்க நடவண்டி” என்றார்.

“நடவண்டிதான்யா இப்ப உன் காலுக்கு வோணும்” என்றேன். போனார்.

முதல் நாளே முதலாளியின் நெற்றி முன்கண்ணாடி வரை போய் வந்தது. கிளட்ச் இருக்கவேண்டிய இடம் வரைக்கும் பிரேக் அகலமாக நீண்டிருக்குமாம். பழக்க தோஷத்தில் இவருடைய இடது கால் ஓங்கி மிதித்திருக்கிறது. டிரைலர் கிளட்சுக்குப் போடும் பலம் முழுவதையும் போட்டு மிதித்தால் கார் என்ன செய்யும், நட்ட கம்பமாக நின்றுவிட்டது. “யோவ், இது லாரி இல்லய்யா!” என்று முதலாளி கத்தினாராம். மறுநாளிலிருந்து இவர் இடது கால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் காரில் உட்கார்ந்தார். வெறும் காலாக இருந்தால் தனக்கு லீவு என்று அதற்கு ஞாபகம் இருக்குமாம். வலது காலில் செருப்பு, இடது காலில் ஒன்றுமில்லை. இந்தக் கோலத்தில் ரேஸ் கார் ஓட்டிய ஒரே ஆள் உலகத்தில் இவராகத்தான் இருப்பார்.

ரேஸ் கார் என்றது நானில்லை, முதலாளி. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இரண்டு பட்டை நீட்டிக்கொண்டிருந்தன. அது ரேஸ் காரில் இருக்கிற சமாசாரம் என்று ராயபுரம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். நான் விளக்கம் கேட்டபோது இவர் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கூட வைக்காமல் இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்.

“தோ பாரு, இது ஸ்டீயரிங்கு. தட்டுக்குப் பின்னால என் வெரலு கீது பாரு, அதான் காது. வலது காத இஸ்தா கியரு ஏறும், இடது காத இஸ்தா எறங்கும். கைய எடுக்கவே வோணாம்.”

“காதுலேர்ந்து கியருக்குக் கம்பி போவுதா?”

“கம்பியும் இல்ல, கயிறும் இல்ல. நீ இஸ்தா கம்ப்யூட்டருக்கு சேதி போவும். அது பாத்து கியர மாத்தும். வேகமா போவசொல்ல ஒரேடியா எறக்க சொன்னா கேக்காது, இன்ஜினு பூடும்ல? அப்பால, ஒரு தபா இஸ்துட்டு நீ கம்னு இருந்தா, கொஞ்ச நேரத்துல அதுவே பழையபடி தன் இஷ்டத்துக்கு மாத்திக்கும்.”

“தானா மாறுற கியருக்கு இன்னாத்துக்கு காது?”

“ஓவர்டேக் எடுக்கசொல்ல டக்குனு கியர எறக்கினா வண்டி சீறும்மே. பாலத்துலேர்ந்து எறங்கசொல்ல எறக்கினா இன்ஜினே வண்டிய புட்சிக்கும், பிரேக்கு தேயாது.”

எண்ணூர் சாலையில் ஓவர்டேக்! கன்டெய்னருக்கும் குப்பை லாரிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நகர்கிற காருக்கு ரேஸ் காது. ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. காதை இழுப்பது உத்தரவு இல்லை, மனு. எங்கள் வீட்டிலும் கல்யாணம் ஆன நாளிலிருந்து அதே ஏற்பாடுதான்: அவர் அறிவிப்பார், நான் பரிசீலிப்பேன். இதைக் கண்டுபிடிக்க வெளிநாட்டில் எத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்டார்களோ.

மாதம் முடியப்போகிற சமயத்தில் ஆயுத பூஜை வந்தது. முதலாளியின் வண்டிகளுக்கு மாலையை அவரேதான் கட்டுவார், வேறு யார் கையும் படக்கூடாது. ஸ்டீயரிங்கில் சாமந்தி மாலையைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி நூலால் இறுக்கி முடிச்சு போடுவார். தானாக வாடி உதிரும் வரை யாரும் அவிழ்க்கக் கூடாது. பூஜை முடிந்த முதல் சுற்றுக்கு டிரைவரின் பொஞ்சாதியும் வண்டியில் ஏறவேண்டும் என்பதும் அவர் வழக்கம். அப்படித்தான் நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தேன். முதலாளி லாரி முதலாளிகளின் வழக்கப்படி முன்சீட்டில். எலுமிச்சம்பழம் நசுங்கியது, பூசணிக்காய் உடைந்தது, கார் மாத்தூரை விட்டுக் கிளம்பியது.

மணலி தாண்டுவதற்குள் கார் கத்த ஆரம்பித்தது. நகர்வதோ மெதுவாக, சத்தமோ ஊரைக் கூட்டும் சத்தம். கொஞ்சம் அடங்கும், இவர் பள்ளத்துக்கு ஒடித்து ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்ததும் திரும்பவும் அலறும். எதிரே இருந்த திரையில் கியர் நம்பர் மூன்று, இரண்டு, மூன்று, இரண்டு என்று ஆடியது. இவர் கழுத்தில் வேர்வை வழிந்தது.

“இன்னாய்யா பண்ண வண்டிய?” என்றார் முதலாளி.

“ஒண்ணியும் பண்ணல மொதலாளி.”

“கியர்பாக்ஸ காலி பண்ட்டியா? அன்னிக்கே தெரியும். லாரி கிளட்ச மெறிச்ச நொண்டிக் கால வெச்சுகினு இந்த வண்டில ஏறுனா இப்டிதான் ஆவும். ஓரங்கட்டு. நாளைக்கு வேற ஆள பாத்துக்கறேன்.”

திருவொற்றியூர் பக்கம் வண்டி ஓரமாக நின்றது. முதலாளி இறங்கிக் கொஞ்சதூரம் தள்ளிப்போய் மகனுக்கு போன் போட்டார். என் வீட்டுக்காரர் ஸ்டீயரிங் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். நொண்டிக் காலாமே, நொண்டிக் கால்! இறங்கிப்போய் நாலு கேள்வி கேட்கலாம் என்று கதவில் கை வைத்தேன். என் வாயைப் பற்றித் தெரிந்தவர்கள் அன்றைக்கு முதலாளிக்காகப் பரிதாபப்பட்டிருப்பார்கள்.

அப்போது இவர் ஸ்டீயரிங்கை மறுபடியும் இறுக்கிப் பிடித்தார். சாமந்தி நசுங்கியது. அதோடு சேர்ந்து பின்னாலிருந்த இடது காதும் கொஞ்சம் அசைந்தது.

“யோவ்,” என்றேன், “தட்டுக்குப் பின்னால வெரலுன்னு காட்னியே, அந்த வெரலு மாலைல மாட்டிகினு கீதுய்யா.”

எட்டிப் பார்த்தார். மாலை நூல் காதுக்குப் பின்புறமாக ஓடி, முன்பக்கம் முடிச்சில் போய் இறுகியிருந்தது. மாலையோடு சேர்த்து இவர் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் நூல் காதை இழுத்திருக்கிறது. இறக்கு, இறக்கு என்று மனு மேல் மனு போயிருக்கிறது, கம்ப்யூட்டரும் கடமை தவறாமல் இறக்கியிருக்கிறது. கோளாறு காலில் இல்லை, பக்தியில்.

“மொதலாளி கட்னதும்மே. நாம அவுத்தா இன்னும் பேஜாரு” என்று முணுமுணுத்தார். சொன்னாலும் வேலை போகும், சொல்லாவிட்டாலும் போகும். முதலாளி முதுகைக் காட்டியபடி போனில் கத்திக்கொண்டிருந்தார். நான் இரண்டு சீட்டுக்கும் நடுவில் புகுந்து, இவர் மடிமேல் கவிழ்ந்து, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் வாயை வைத்து நூலைக் கடித்தேன். பக்கத்தில் ஊர்ந்துபோன டிரைலரின் கிளீனர் இதைப் பார்த்துவிட்டு விசிலடித்தான். அவன் என்ன நினைத்தானோ, நான் கடித்துக்கொண்டே இருந்தேன். நூல் அறுந்தது. முனைகளைக் காதில் படாமல் முன்பக்கமாகக் கொண்டுவந்து முடிந்துவிட்டு, பின்சீட்டில் சாய்ந்து புடவையைச் சரிசெய்துகொண்டேன்.

முதலாளி ஏறினார். மாலை மாலையாகவே இருந்தது. கார் கிளம்பியது, சத்தமே இல்லை. கல்மண்டபம் வரை முதலாளி திரையையே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “பாத்தியா, நான் கட்ன மாலைக்கு எவ்ளோ சக்தி! வண்டி தானா சரியாய்ட்ச்சி. நாளைக்கு டைமுக்கு வந்துடு” என்றார்.

சாமியும் நானும் வாயைத் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் இவர் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு என்னையே பார்த்தார். “அந்தாளு அவ்ளோ பேசசொல்ல நீ எப்டிமே கம்னு இருந்த?”

“பல்லுக்கு வேல இருந்துச்சுய்யா.”

சிரித்தார். டாக்டர் படம் எடுத்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நொண்டிக் காலை இழுத்து என் மடிமேல் போட்டுத் தைலம் தேய்த்தேன். வேலை போனது அந்தக் காலுக்கு மட்டும்தான்.