மைக்காச் சுரங்கத்தில் விரித்த பாய்கள்

இலங்கை மலையகத்தில், ஹல்துமுல்லைக்கு மேலே, தேயிலைக்கு நடுவில், எப்போதோ வேலை நின்றுபோன மைக்காச் சுரங்கத்துக்குள் குனிந்து நுழைகிறேன். டார்ச் வெளிச்சத்தில் சுவரெங்கும் மைக்காத் தகடுகள் மினுங்குகின்றன. கீழே பாய்கள், ஓர் அடுப்பு, பள்ளிப் பைகள். கொழுந்து பறிக்கும் செல்வி, துணி மூட்டையை இறக்கி வைக்கிறார்.

"இங்கயா இருக்கீங்க?"

"மழ விடுற வரைக்குங்க. நாங்க குடியிருக்கிற லயத்துச் செவுரு வெடிச்சிருக்கு. மண்ணு சரிஞ்சா அம்புட்டுத்தான்."

"இது இடிஞ்சா?"

"இது பாறைங்க." மூட்டையை அவிழ்த்தபடி, "அப்பிடித்தான் நெனச்சுக்கிறோம்" என்கிறார்.

வெளியே மழை வலுக்கிறது. எங்கே தங்கியிருக்கிறேன் என்று கேட்கிறார். இந்தச் சரிவுக்கு நேர் கீழே, ரோட்டோர லாட்ஜில் என்கிறேன்.

 அவர் தன் பாயைச் சுவரோரம் தள்ளிவிட்டு, பக்கத்தில் இன்னொன்றை விரிக்கிறார்.